என் காலேஜைப் பார்த்து வயிறெரிந்த தராசு

புதுச்சேரியில் பொறாமைப்படாதவர்கள் யாரும் இருந்ததில்லை. ஆனால் அதை முழுநேர உத்தியோகமாக, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூட எடுக்காமல் செய்தவன் தராசு ஒருவன்தான்.

ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்த பெயர் அவன் அம்மாவுக்கும் கோயில் சாமியாருக்கும் மட்டுமே நினைவிருந்தது. எதையும் இன்னொன்றோடு நிறுத்துப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது, அதனால் தராசு. முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தவன், எதிர்க் கடையில் ஒருவனுக்குக் கிராப்பு நன்றாக விழுகிறது என்று பாதித் தலையோடு எழுந்து அங்கே ஓடியிருக்கிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நானும் அவனும் ஒன்றாக இண்டர்மீடியட் தேறினோம். மேலே சட்டம் படிப்பான் என்று அவன் அப்பா எதிர்பார்த்தார். கோர்ட்டில் குமாஸ்தா அவர். இவனோ இலக்கியம், சரித்திரம், தத்துவம் மூன்றில் ஒன்றுதான் படிப்பேன் என்றான். எனக்கும் தமிழ் படிக்க ஆசை. ஆனால் எந்த ஊரில் எது நன்றாக நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்டா” என்று தராசு ரயிலேறினான்.

சென்னையில் ஒரு கல்லூரியில் தத்துவ வகுப்புக்குள் நுழைந்து, மாணவன் போலவே உட்கார்ந்துவிட்டான். பேராசிரியர் கேள்வி கேட்டபோது வகுப்பே தலை குனிந்திருக்க, இவன் எழுந்து பதில் சொன்னான். அதோடு விட்டானா? திருப்பி அவரை ஒரு கேள்வி கேட்டான். அவர் மகிழ்ந்துபோய்ப் பெயர் கேட்டதும் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டான். விடுதியில் யாருக்கோ மாமா பையன் என்று சொல்லி ரசமும் குடித்துப் பார்த்தான்.

“பாடம் பரவால்ல. ரசத்துலதான் உப்பே இல்ல. உப்பில்லாத ரசம் குடிச்சிட்டு தத்துவம் எப்டிடா படிக்கிறது?”

இந்தக் கதைகளைக் கேட்கத் தெருவே அவனைச் சுற்றி நிற்கும். எனக்குத்தான் உள்ளே புகையும். நானும் இண்டர் தேறியவன்தான். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்களோடு படித்த ஜோசப் பாரீசுக்குப் போகலாமா என்று யோசித்தபோதும் இவனிடம்தான் வந்தான். பாரீசிலிருந்து திரும்பியவர்களை எல்லாம் வீடு வீடாகப் போய்க் குடைந்து, “இலக்கியம்னா அங்கதான், கண்ண மூடிட்டுப் போ” என்று சொன்னவன் தராசு. ஆனால் ஜோசப் கப்பலுக்குப் படகேறியதும் கடல்பாலத்தின் நுனிவரை ஓடி, “மிஸ்யே! புடிக்கலைன்னா தந்தி அடி, ஒன் எடத்துல நான் வந்து குந்திக்கறேன்!” என்று பிரெஞ்சு மரியாதையோடு கத்தினான். அன்றிலிருந்து ஒரு வாரம் வயிற்றெரிச்சலில் அவனுக்குக் கஞ்சிதான் இறங்கியது.

அடுத்து சிதம்பரம் போய் வந்தான். இந்த முறை முகமே வேறு மாதிரி இருந்தது.

“தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருக்கார்டா. பாட்டுக்கு அர்த்தம் சொல்லிக்கினே வந்தவரு, ஒரு வரி வந்ததும் அப்டியே நின்னுட்டாரு. கண்ணுல தண்ணி. பசங்க யாருக்கும் வெளங்கல. எனக்கு வெளங்கிச்சி. நீ அவருகிட்ட படி.”

நான் விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. சொல்லலாம் என்று அவன் வீட்டுக்கு ஓடினால், அவன் முகம் கறுத்துவிட்டது.

“அவர கண்டுபுடிச்சது நானு. படிக்கப் போறது நீயா?”

“நீயும் எழுதிப் போட வேண்டியதுதானே?”

“இன்னும் நாலு காலேஜ் பாக்க வேண்டியிருக்கு” என்று கதவைச் சாத்திக்கொண்டான். அப்புறம் என்னோடு பேச்சே இல்லை.

நான் புறப்படும் நாளில் ஸ்டேஷனில் வந்து நின்றான். என்னை விழுப்புரத்தில் வண்டி மாற்றிவிட்டுத் திரும்புவதாகச் சொன்னான். விழுப்புரத்தில், கடலூர் வரைக்கும் வருவதாகச் சொன்னான். கடலூரில் இறங்கவே இல்லை. ஆள் மட்டும் தெப்பலாக வேர்த்துக்கொண்டிருந்தான். உற்றுப் பார்த்தால் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் இன்னொரு சட்டை. டிக்கெட் பரிசோதகர் வந்தபோது அவன் நீட்டிய டிக்கெட் சிதம்பரத்துக்கு.

“என்னடா அப்டி பாக்கறே? எல்லாத்தையும் எடுத்துக்கினு வந்துட்டேன்டா. பொட்டி தூக்கினா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்.”

தமிழில் இடம் முடிந்துவிட்டது. சரித்திரத்தில்தான் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்தானே தவிர, வந்து உட்கார்ந்ததெல்லாம் என் வகுப்பில். வாத்தியாரும் விரட்டவில்லை. நெஞ்சைத் தொடும் வரி வரும்போதெல்லாம் அவர் பார்வை கடைசி பெஞ்சில் இருந்த தராசைத் தேடும். முதல் பெஞ்சில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அவன் காரைக்காலில் சரித்திர ஆசிரியரானான்; நான் புதுச்சேரியில் தமிழாசிரியன். லீவு விட்டால் வந்து என் பள்ளிக்கூடம், என் வீடு, என் மனைவி வைத்த மீன்குழம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, “ஒனக்கு மட்டும் எப்டிடா இப்டி அமையுது?” என்று பெருமூச்சு விட்டுப் போவான். சாகும்வரை விட்டான்.

போன மாதம் எனக்குப் பேரன் பிறந்தான். ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போயிற்று. வயிறெரிய அவன் ஒருவன் இல்லாததில், எனக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிது என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.