ப்ளோவருக்குப் பிடித்த பேய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகநேரி உப்பளச் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சூடிறக்கும் சித்தர் அன்றைக்குத்தான் அருள் பாலிக்கிறார். மனிதர்களுக்கு அல்ல, எந்திரங்களுக்கு. துறைமுகத்து டிரெய்லர் லாரி வந்து நிற்கும். விசைப்படகின் இன்ஜின் ஒன்று மினி லாரியில் படுத்தபடி வரும். ஒருவர் அடிக்கடி சூடாகிற தன் செல்போனைத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் வைத்து ஏந்திக்கொண்டு நின்றார். கழுத்தில் சிலுவை போட்டவரும் நெற்றியில் திருநீறு பூசியவரும் ஒரே வரிசைதான். மத நல்லிணக்கத்துக்கு எங்கெங்கோ மாநாடு போடுகிறார்கள். ஏமாறுகிற இடத்தில் அது தானாகவே வந்துவிடுகிறது.

சித்தரின் வைத்தியம் சுலபமானது. கொதிக்கிற எந்திரத்தின் மேல் தீர்த்தம் தெளிப்பார். உஸ்ஸென்று சத்தம் வரும். "பேய் சீறுது பார் மகனே" என்பார். சட்டையில் மாட்டிய மைக் அதை உப்பளம் வரைக்கும் கொண்டுபோகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பேய் தினமும் சீறுகிறது. அங்கே யாரும் விழுந்து கும்பிடுவதில்லை.

அடுத்து, எந்திரம் மூச்சு இழுக்கிற வாய்க்குள் ஒரு செம்பு தீர்த்தத்தை விடுவார். தீர்த்தம் என்றால் கடல் தண்ணீர். பிறகு அந்த வாயை மஞ்சள் துணியால் கட்டுவார். பேய் அந்த வழியாகத்தான் நுழைகிறதாம். கொசுவலை போலத்தான், பேய்க்கு.

இந்த வரிசைக்குத் தூத்துக்குடியிலிருந்து பவுல் தன் வேனோடு வந்திருந்தார். கூடவே தங்கை ரீனா. வேனுக்குள் இருப்பது கம்பளம் கழுவும் எந்திரம். ஒரு குழாய் சுடுதண்ணீரைக் கம்பளத்தில் பீய்ச்சும், இன்னொரு குழாய் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சித் தொட்டியில் தள்ளும். உறிஞ்சுவதற்காகத் தொட்டி வழியாகக் காற்றை இழுப்பது ப்ளோவர். இழுத்த காற்று சைலன்சர் வழியாக வெளியே போகும். இதே மாதிரி எந்திரத்தை ரீனா தோஹாவில் ஒரு ஓட்டலில் ஓட்டிப் பழகியவள். அங்கே உழைத்துச் சேர்த்ததையெல்லாம் அண்ணனோடு கூட்டாக இதில்தான் போட்டாள். ஊரில் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த வேன் சாவி.

கல்யாண சீசனில் மண்டபம் மண்டபமாக ஓடியதில் ப்ளோவர் சூடாக ஆரம்பித்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் எந்திரம் தானே நின்றுபோகும்.

"அண்ணே, தொட்டிக்குள்ள இருந்து ப்ளோவருக்குக் காத்து போற இடத்துல ஒரு வலை இருக்குல்லா, அதுல கம்பளத்துப் பஞ்சு அடைச்சிருக்கும். ஒரு நாள் நிப்பாட்டிக் கழுவணும்" என்றாள் ரீனா.

"சீசன்ல எவன்ளா நிப்பாட்டுவான்? எவனோ கண்ணு வச்சிட்டான்" என்றார் பவுல்.

வலையைக் கழுவ ஒரு நாள் இல்லாதவருக்கு, ஞாயிறுதோறும் வந்து வரிசையில் நிற்க நாள் இருந்தது. முதல் தடவை சித்தர் அந்த வலையின் மேல் ஒரு துணி கட்டினார். ப்ளோவருக்குள் தீர்த்தம் போயிற்று. வீடு போய்ச் சேருவதற்குள் எந்திரம் ஆறியிருந்தது. ஓடாத எந்திரம் ஆறாமல் என்ன செய்யும்? மறு வாரம் சூடு கூடியது. இன்னொரு துணி. அதற்கடுத்த வாரம் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, வேன் தெருவையே எழுப்பியது. "பேய் முத்திருச்சு" என்றார் சித்தர். மூன்றாவது துணி. ஒவ்வொரு முறையும் நோய் வளர்ந்தது, வைத்தியர் பேரும் வளர்ந்தது.

இந்த ஞாயிறு சித்தர் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாக இருக்க வேண்டுமே.

"மகனே, இது பொம்பளை கை பட்ட சூடு. அந்தக் கையை எடு. சூடு தானா எறங்கும்."

பவுல் தயங்கக்கூட இல்லை. "சரி சாமி. நாளையில இருந்து இவ வேண்டாம். நம்ம தெருப் பையன் செல்வினை ஓட்டச் சொல்லுதேன். ஏளா, சாவியக் குடு."

ரீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. கொட்டகைக்குப் பின்னால் சித்தரின் ஏசி அறைக்கும் மைக்குக்கும் கரண்டு கொடுத்தபடி ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தாள்.

"தாரேன் அண்ணே. சாமி, ஒரு சந்தேகம். உங்க ஜெனரேட்டருக்குத் துணி கட்டலியே?"

"என் எல்லைக்குள்ள பேய் வராதும்மா."

"வராட்டி நல்லது. கட்டுனாலும் கெடுதல் இல்லைல்லா? எங்க ப்ளோவர்ல மூணு துணி இருக்கு. அதே மாதிரி மூணு துணியை உங்க ஜெனரேட்டர் மூச்சு வாங்குற வாயில கட்டுவோம். உள்ள ஒரு செம்பு தீர்த்தமும் விடுவோம். அது நல்லா ஓடுச்சுன்னா நான் சாவியக் குடுத்துட்டு இனி வேன் பக்கமே வரமாட்டேன்."

சித்தர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். ஆனால் அவருக்கு வினை வைத்தது ரீனா இல்லை, பக்தர்கள். டிரெய்லர் முதலாளி முத்துக்குமரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க சாமி தீர்த்தத்தையா சோதிக்கே? இப்பப் பாரு" என்று செம்பையும் துணிகளையும் அள்ளிக்கொண்டு ஜெனரேட்டரை நோக்கி ஓடினார். நாலு பேர் பின்னாலேயே ஓடினார்கள். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சித்தர் பீடத்திலிருந்து குதித்தார். மகனே, மைந்தனே எல்லாம் பறந்துவிட்டது.

"ஏலே முத்துக்குமரா, கட்டாதலே. காத்து இல்லாம மூச்சு முட்டி இன்ஜின் கொதிச்சுப் போயிரும்லே. உப்புத் தண்ணிய உள்ள விட்டா சைலன்சரெல்லாம் துரு தின்னுபுடும். புது ஜெனரேட்டர்லே அது."

மைக் அத்தனையையும் உப்பளம் வரைக்கும் கொண்டுபோனது. சாத்தான் வேதம் ஓதியதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அன்றைக்குச் சித்தர் மெக்கானிக் பாடம் நடத்தினார். ஒரு தப்பில்லை.

முத்துக்குமரன் கையில் செம்போடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப என் டிரெய்லருக்குக் கட்டுனது?"

சித்தர் ஏசி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். துணி கட்டாத ஜெனரேட்டர் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

ரீனா எல்லார் முன்னாலும் தொட்டி மூடியைத் திறந்தாள். மூன்று துணிகளையும் உருவினாள். அடியில் வலை தெரியாமல் பஞ்சு அப்பியிருந்தது. அதையும் உரித்துப் போட்டுவிட்டு எந்திரத்தை ஓட்டினாள். முள் பச்சையைத் தாண்டவில்லை. சைலன்சரை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினாள். துருவும் உப்பும் பாளம் பாளமாக உதிர்ந்தன. "இதை மாத்தத்தான் வேணும்" என்றாள்.

பவுல் தொண்டையைச் செருமினார். "ஏளா, நாளைக்கு எந்த மண்டபம்?"

"நாளைக்கு மண்டபம் இல்ல. வலை கழுவுற நாள். கழுவப் போறது நீதான்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினால், செல்போன்காரர் தாம்பாளத்தோடு அவள் முன்னால் நிற்கிறார். எலுமிச்சம்பழம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"எம்மா, சாமியையே உண்மை பேச வச்ச துணில்லா அது. ஒரு துண்டு கிழிச்சுத் தாயேன்."

ரீனா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்திரத்துல அடைப்புன்னா நான் தொறந்து எடுத்துருவேன் அண்ணாச்சி. மண்டையில அடைப்புன்னா அவங்கவங்கதான் தொறக்கணும்."