கார்ட்டூன் பார்த்துக் குறி சொன்னவர்

எங்கள் புர்காஸ் ஊரின் மீன்பிடித் துறைமுகத்துக் காப்பிக்கடையில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எள் விழ இடம் இருக்காது. மேயரின் தேர்தல் கூட்டத்துக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. எல்லாம் எங்கள் நாளிதழில் வரும் கார்ட்டூனுக்காக.

வரைகிறவர் நெதெல்யா என்ற பெண்மணி. அவர் படத்தில் மேயர் சாலைப் பள்ளத்தில் தூண்டில் போடுவார். எங்களுக்குப் போட்டி ஊரான வர்னாவின் கடற்காகம் எங்கள் ஊர்க் கடற்காகத்தின் மீனைத் திருடும். நான் அதே பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். அவையெல்லாம் சிரிப்பதற்கு வரைந்தவை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறியாமை.

போகோமில் வந்துதான் ஊரின் கண்ணைத் திறந்தார். முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். இப்போது வெள்ளைச் சட்டை, கையில் பூதக்கண்ணாடி.

"நெதெல்யாவோட கை சும்மா கருவிதான். வரைய வைக்கிறது வேற ஒரு சக்தி. அதோட பாஷை எனக்குப் புரியும்" என்றார். வரைந்தவருக்கே புரியாதது இவருக்குப் புரிந்ததில் ஊருக்கு ஏக மகிழ்ச்சி.

ஆதாரமும் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை கார்ட்டூனைப் படித்துவிட்டு, அந்த வாரம் நடக்கப்போவதை எழுதித் தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்வார். அடுத்த திங்கள் காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் கவரைக் கிழிப்பார். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தின் கோல் கணக்கு அச்சு அசலாக உள்ளே இருக்கும்.

"முத்திரையைப் பாருங்க. செவ்வாக்கிழமை தேதி. அரசாங்கம் பொய் சொல்லுமா?"

அரசாங்கம் பொய் சொல்லாது என்று எங்கள் ஊர் நம்பியது அந்தக் கடையில் மட்டும்தான்.

பிறகென்ன. வெட்டியெடுத்த கார்ட்டூனில் ரோஜா எண்ணெய் தடவி விற்றார். படகுக்குப் படகு அது தாயத்தாகத் தொங்கியது. நெதெல்யா கொதித்துப்போய் ஆசிரியரிடம் சென்றார். "பேப்பர் நல்லா விக்குதும்மா. நாம எதுக்குக் கெடுக்கணும்" என்று ஆசிரியர் அறிவுபூர்வமாகப் பதில் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கார்ட்டூனில் சூரியன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மீனவர் ஸ்பாஸ் போகோமிலிடம் கேட்டார்: "நாளைக்குக் கடலுக்குப் போலாமா, மாஸ்டர்? ரேடியோவுல பலத்த காத்துன்னு சொல்றான்."

"சூரியன் சிரிக்குது, பாக்கலையா? தைரியமா போங்க."

ஸ்பாஸ் போனார். கூடவே அவர் மனைவி ராட்காவின் தம்பி லியூபெனும் போனான். ரேடியோ சொன்ன காற்று, ரேடியோ சொன்ன நேரத்துக்கே, நண்பகலில் வந்தது. படகு அலைத்தடுப்புப் பாறையில் மோதியது. லியூபெனின் தொடையெலும்பு இரண்டாக முறிந்தது.

திங்கட்கிழமை போகோமில் கவரைப் பிரித்தார். "ஒரு படகு கல்லில் மோதும். ஒருவன் கால் முறியும்" என்று இருந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"விதி, வேற என்ன. மாஸ்டர் முன்னாடியே எழுதி வெச்சிருக்காரே" என்று ராட்கா அழுதாள்.

ஆஸ்பத்திரியில் லியூபெனைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்திருந்த நெதெல்யா கேட்டார்: "இதை எழுதினது செவ்வாக்கிழமை. ஸ்பாஸ் அண்ணன் உங்ககிட்ட கேட்டதும் அன்னைக்குத்தான். கால் உடையும்னு தெரிஞ்சே ஏன் போகச் சொன்னீங்க?"

போகோமில் கொஞ்சமும் அசரவில்லை. "படத்தோட மூலையில ஒரு குடை இருந்துச்சு. அவரு கவனிக்கல."

"ஆமாய்யா, குடையைப் பாத்திருக்க வேணாமா?" என்று நாலு பேர் ஸ்பாஸைக் கடிந்துகொண்டார்கள். ஸ்பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை நெதெல்யாவால் தாங்க முடியவில்லை.

அடுத்த திங்கள் அவரும் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். செவ்வாய்க்கிழமை முத்திரை. ஸ்பாஸிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்.

ஸ்பாஸ் எழுத்துக் கூட்டிப் படித்தார்: "ஆட்டத்தில் கோலே விழாது. மூடுபனியால் பதினொரு நிமிஷம் ஆட்டம் நிற்கும். மேயர் படிக்கட்டில் வழுக்கி விழுவார்."

மூன்றும் முந்தின நாள் நடந்தவை. ரொட்டிக்கடை வசில்கா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு பெரியவர் நெதெல்யாவின் கையைப் பிடித்தார். "தாயி, என் முட்டிவலி எப்பப் போகும்?"

"டாக்டர்கிட்ட போனாப் போகும். எனக்கு ஒரு சக்தியும் கிடையாது. செவ்வாக்கிழமை நான் தபால்ல போட்டது வெறும் கவர். வாயை ஒட்டாம உள்ள மடிச்சு விட்டேன். ஆட்டம் முடிஞ்சப்புறம் எழுதி உள்ள வெச்சு ஒட்டினேன். முத்திரை கவருக்குத்தான் குத்துறாங்க, உள்ள இருக்கிற காகிதத்துக்கு இல்ல."

கடையில் சத்தமே இல்லை. ஊர் யோசிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

நெதெல்யா போகோமில் பக்கம் திரும்பினார். "வர்ற ஞாயிறு நமக்கும் வர்னாவுக்கும் ஆட்டம். இங்கேயே எழுதுங்க, இங்கேயே ஒட்டுங்க. ஒட்டின இடத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். கவர் ஸ்பாஸ் அண்ணன்கிட்ட இருக்கட்டும்."

"சந்தேகப்பட்டா சக்தி விலகிடும்" என்றார் போகோமில்.

"எனக்கும் உங்களைச் சந்தேகப்படப் பிடிக்கல, மாஸ்டர்" என்றார் ஸ்பாஸ். இந்த முறை தலை நிமிர்ந்திருந்தது. "என் மச்சான் கட்டுப் போட்டுப் படுத்திருக்கான். எழுதுங்க."

தப்ப வழியில்லை. எழுதினார். ஒட்டினார். முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிடித்த மழை விடவே இல்லை. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். ஆட்டமே நடக்கவில்லை.

திங்கட்கிழமை போகோமில் கடைக்கு வரவில்லை. ஸ்பாஸ் கவரைக் கிழித்தார். "புர்காஸ் மூன்று கோல், வர்னா ஒன்று. வெயில் கொளுத்தும்."

ராட்கா அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "என் தம்பியைக் கடலுக்கு அனுப்பினது விதி இல்ல, இந்த ஆளுதான்" என்றாள்.

ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது. போகோமில் வர்னாவில் கடை விரித்துவிட்டாராம், அங்கே கூட்டம் அலைமோதுகிறதாம். எங்கள் ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"வர்னாக்காரனுக்கு மூளையே கிடையாதுக்கா. அவன் ஏமாந்ததை வெச்சு ஒரு கார்ட்டூன் போடுங்க" என்று நெதெல்யாவிடம் கேட்டார்கள்.

"போடுறேன். ஏமாந்தவன் முகத்தைப் பாத்துப் பாத்து வரையணும். உங்கள்ல யாரு முதல்ல வந்து உக்காருறீங்க?"

யாரும் உட்காரவில்லை. படத்துக்காக உட்கார வேண்டாம்; ஐந்து நிமிஷம் யோசிப்பதற்காவது உட்காரலாம். அதற்கு மாஸ்டர் யாரும் தேவையில்லை.