ஒத்திகை எதிராளி

வரி விஷயத்தில் செயலாளர் மறுபடியும் ஜெயித்துவிட்டார்.

ஜெயிக்கக் கூடாது என்று கவனமாகத்தான் இருந்தார். என்ன செய்வது, பேச்சு முடிந்த வேகத்தில் டிரைவர் கை தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் தனக்குச் சம்பளம் தருவது யார் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கொசு அடித்தவர் மாதிரி உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

வேட்பாளர் மேஜையின் அந்தப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவே அவருக்கு மனம் வரவில்லை. வைத்தால் பதில் சொல்ல வேண்டுமே.

"ஏம்ப்பா, நீ எங்கிட்டதானே வேலை பாக்கற?"

"ஆமாண்ணே."

"அப்புறம் எதுக்கு இந்தப் போடு போடற?"

"அவர் அப்படித்தாண்ணே பேசுவாரு. டிவியில திடீர்னு கேட்டு நீங்க முழிக்கக் கூடாதுன்னுதான்."

"இப்பவே முழிச்சுக்கிட்டுத்தானே நிக்கறேன்."

தேர்தலுக்கு முன்னால் தொலைக்காட்சியில் இரண்டு வேட்பாளர்களும் நேருக்கு நேர் விவாதம் செய்ய வேண்டும். அதற்குக் கட்சி அலுவலகத்தின் கூடத்தில் தினமும் ஒத்திகை. அலுவலகச் செயலாளர்தான் எதிராளி. எதிராளியின் வழக்கப்படி முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, எதிராளியின் வாதங்களை எதிராளியைவிட நன்றாக எடுத்து வைப்பார்.

அந்த வாதங்களில் ஒன்றைக்கூட அவர் நம்பியவர் இல்லை. பரம்பரைப் பழமைவாதி அவர். வரியைக் குறை, எல்லையை இறுக்கு, ராணுவத்தைப் பலப்படுத்து, வெளிநாட்டுச் சரக்கை வாசலிலேயே நிறுத்து, குற்றவாளிக்குக் கருணை காட்டாதே, குடும்பம்தான் நாட்டுக்கு அஸ்திவாரம் என்று வேட்பாளர் சொல்கிற எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவரே அவர்தான். பஸ்ஸில்கூட வழக்கமான இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மனுஷர்.

ஆனால் கட்சி வேலைக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்துவிட்டார். வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதைத் திறமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். விட்டுத் தொலையாத வியாதி என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒத்திகை முடிந்ததும் ஓட்டெடுப்பு நடக்கும். இது வேட்பாளரே கண்டுபிடித்த ஏற்பாடு. காலி பிஸ்கட் டின்னில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. நம்மவர் ஜெயித்தார் என்றால் வட்டம், எதிராளி ஜெயித்தார் என்றால் பெருக்கல் குறி. வேட்பாளரின் மனைவி, டிரைவர், டைப் அடிக்கிற பெண், வாட்ச்மேன், இவர்களோடு வேட்பாளருக்கும் ஒரு ஓட்டு உண்டு. அது எப்படி நியாயம் என்று டைப் அடிக்கிற பெண் கேட்டதற்கு, நிஜத் தேர்தலிலும் எனக்கு இந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிறதே என்றார் அவர். அப்படியானால் எதிராளிக்கு? எதிராளிக்கு வேறு தொகுதியில் ஓட்டு. ஆகவே செயலாளருக்குச் சீட்டுக் கிடையாது.

அன்றைக்கு டின்னைத் திறந்தபோது ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

இது வெறும் விளையாட்டு என்றால் செயலாளர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். போன இரண்டு தேர்தலிலும் தோற்றவர் நம் வேட்பாளர். மேலிடத்துக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. கடைசி ஒத்திகைக்கு மேலிடப் பார்வையாளர் ஒருவர் வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் ஆளை மாற்றிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் தன்னுடைய ஆட்களோடு வருவார். செயலாளருக்கு முழங்கால் போய்விட்டது. இந்த வயதில் மறுபடியும் மாடிப்படி ஏறி, கதவைத் தட்டி, சாவைப் பற்றிச் சிரித்த முகமாகப் பேசி பாலிசி விற்க அவரால் முடியாது. நினைத்தாலே பயமாக இருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே மோசமாகப் பேசினார். பொருள், அரசு ஆஸ்பத்திரி. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டார். எதையோ மறந்தவர் போல மேலே பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏதோ... ஜனங்களுக்கு நல்லது நடந்தா சரி," என்று முனகி உட்கார்ந்துவிட்டார். வேட்பாளர் கணீரென்று முழங்கினார்.

டின்னில் அதே ஒரு வட்டம்.

டைப் அடிக்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிராளியைப் பார்க்கவே பாவமாக இருந்ததாம். வாய்ச் சாமர்த்தியம் இல்லாத மனுஷன், மனசில் மட்டும் எவ்வளவு வைத்திருக்கிறார் என்றாள். டிரைவரும் ஆமாம் என்றார். இதைவிட நன்றாகப் பேசியே தோற்கடித்திருக்கலாம் என்று வேட்பாளர் நொந்துகொண்டார்.

வேட்பாளரின் மனைவியை எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவார்கள். ஆளை மாற்றிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் அவர்தான். செயலாளர் வேட்பாளராகப் பேசட்டும், இவர் எதிராளியாகப் பேசட்டும். எப்படிப் பேச வேண்டும் என்று பார்த்துக் கற்றுக்கொள்வார் அல்லவா?

செயலாளருக்கு உயிர் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் சொந்தக் கட்சிக்காகப் பேசினார். எல்லைப் பாதுகாப்பைப் பற்றி மனதில் உள்ளதை எல்லாம் கொட்டினார். பிறகு வேட்பாளர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வேலைக்குப் போகிற தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகம் என்பது பொருள். மனுஷர் முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல் பேசினார். மேஜையைத் தட்டினார். நடுவில் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னார். அண்ணி கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் பேச்சுக்குச் சிரித்தார்.

அன்றைக்கும் ஒரே வட்டம்தான். வேட்பாளர் வேஷத்தோடு சீட்டும் அன்றைக்குச் செயலாளர் கைக்கு மாறியிருந்ததால், அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது.

"பாத்தியா, எனக்கும் பேச வருது," என்றார் வேட்பாளர். முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணே, நீங்க ஜெயிச்சது அவருக்காக."

"இருக்கட்டுமேப்பா. ஜெயிச்சது நான்தானே?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அவர் சட்டைக் கையை இறக்கிவிடவே இல்லை.

செயலாளர் அடுத்த வழியைப் பிடித்தார். எதிராளியிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கி நம் கொள்கையில் கலந்துவிட்டால் என்ன? வரியைக் குறைப்போம், ஆஸ்பத்திரிக்கு உண்டானதைத் தவிர. எல்லையை மூடுவோம், உழைக்க வருகிறவர்களுக்கு ஒரு கதவு வைத்து. வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம், அவசியமானது போக. ராணுவத்தைப் பலப்படுத்துவோம், யார் மனதும் புண்படாதபடி. காலையில் ஒரு திருத்தம், காபிக்குப் பிறகு இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. வேட்பாளருக்கே தன் நிலைப்பாடு இன்னதென்று மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

டைப் அடிக்கிற பெண் கதவோரம் வந்து நின்றாள்.

"சார், எல்லை இன்னைக்குத் தொறந்திருக்கா, மூடியிருக்கா? சாப்பாட்டுக்குள்ள அடிச்சு முடிக்கணும்."

செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, பாதி என்று போடச் சொன்னார்.

அந்த ஓட்டெடுப்பும் கைவிட்டது. வாட்ச்மேன் மட்டும் உள்ளதைச் சொன்னார். எதிராளி சொல்வதையே நம்மவரும் பாதி சொல்கிறார், பாதிக்கு ஓட்டுப் போடுவானேன், முழுசுக்கே போட்டுவிடலாம் என்று தோன்றியதாம். செயலாளருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பிடும்போது மனைவி அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பாள். இவரும் எதிராளி சொல்வது எவ்வளவு அபத்தம் என்று காட்டுவதற்காக முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றி விளக்குவார். விளக்கினால் வியாதி சும்மா இருக்குமா? ஒருநாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "அந்த எதிராளி கூட்டம் அடுத்து எங்க நடக்குதாம்? ஒருதடவை போய்க் கேக்கலாம்னு பாக்கறேன்," என்றாள். ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரே கட்சிக்குப் போட்டவள். அவருக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

கடைசியில் எல்லாத் திருத்தத்தையும் அடித்துப் போட்டுவிட்டு, பழைய கொள்கைகளையே வேட்பாளரிடம் கொடுத்தார்.

"அண்ணே, இனிமே நெளிவு சுளிவே வேணாம். ஆரம்பத்துல என்ன சொன்னோமோ அதையே நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க."

வேட்பாளர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

மேலிடப் பார்வையாளர் கையில் குடையோடு வந்து சேர்ந்தார். நடுத்தர வயது அம்மாள். ஊர் ஊராகப் போய் ஒத்திகை பார்த்தே ஓய்ந்துபோனவர் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

வேட்பாளர் அன்று குறை சொல்ல முடியாதபடி பேசினார். வரி, எல்லை, ராணுவம், சட்டம், குடும்பம் எதிலும் ஒரு தடுமாற்றம் இல்லை. செயலாளர் தன் முறை வந்ததும் எழுந்து, வானிலை அறிக்கை வாசிப்பவர் மாதிரி எதிராளியின் கொள்கைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சப்பென்று அவர் வாழ்நாளில் பேசியதில்லை. உட்கார்ந்தபோது மனதுக்குள் கொஞ்சம் நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

பார்வையாளர் தனக்கும் ஒரு சீட்டுக் கேட்டு வாங்கினார். எல்லோரும் திரும்பி நின்று கிறுக்கி, மடித்துப் போட்டார்கள்.

டின்னை அந்த அம்மாளே திறந்தார். பெருக்கல். பெருக்கல். இன்னொரு பெருக்கல். நடுவில் ஒரு வட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பெருக்கல்தான். டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். வேறொன்றும் விழவில்லை.

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணி ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டார். டிரைவர் கார் சாவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பார்வையாளர் பெருமூச்சோடு செருப்பைக் காலால் துழாவினார். அவர் எழுந்து வாசலைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று செயலாளருக்குப் புரிந்தது. முழங்கால் ஒருமுறை விண்ணென்றது.

அவர் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம். தோத்தது இவர் இல்ல. நான் எதிராளியா நின்னு இங்க இருக்கற அத்தனை பேர் மனசையும் கலைச்சுட்டேன். இவர் டிரைவரைக் கலைச்சேன். இவர் சம்சாரத்தைக் கலைச்சேன். என் வீட்டுலயே கலைஞ்சு போச்சு. நீங்க வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு, நீங்களும் அந்தப் பக்கம் போட்டுட்டீங்க. தப்பு சொல்லல."

வேட்பாளர் லேசாகக் கையைத் தூக்கினார். "விடுப்பா. வேணாம்."

"நீங்க சும்மா இருங்கண்ணே." செயலாளர் முதல் தடவையாக அவரை அடக்கினார். "இத்தனை நாளும் இந்த மனுஷன் தினம் என்கிட்ட அடி வாங்கியிருக்காரு. கட்டின பொண்டாட்டி கைவிட்டாச்சு. ஆனா டின்னைத் தொறந்தா ஒரு வட்டம் இருக்கும். இன்னைக்கும் இருக்கு பாருங்க. ஊரே ஒரு பக்கம் சாஞ்சாலும் தான் சொன்னதுல தான் நிக்கறவர் இவர். நம்ம கட்சிக்கு இதைவிட வேற என்ன வேணும்? வரியும் எல்லையும் யாரு வேணா பேசலாம். அசையாம நிக்கறதுக்கு ஆள் கிடைக்காது. அந்த ஒரு சீட்டை மேலிடத்துல கொண்டுபோய்க் காட்டுங்க, போதும்."

இந்தத் தடவை வியாதி தன் கட்சிக்காக வேலை செய்தது. டைப் அடிக்கிற பெண் விசும்பினாள். டிரைவர் வெளிப்படையாகவே கை தட்டினார், கொசுவைத் தேடவில்லை. அண்ணி திரையை விட்டுவிட்டு வந்து கணவரின் தோளில் கை வைத்தார். வேட்பாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். செயலாளருக்கு எல்லா அலுப்பும் அந்த நிமிஷத்தில் தீர்ந்தாற்போல இருந்தது.

பார்வையாளர் அம்மாள் அந்த வட்டச் சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு செயலாளரைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்த்தார்.

"நல்லாத்தான் சொன்னீங்க சார். ஆனா இது நான் போட்டது."