அப்பவே சொன்னவர்

உலகத்தில் கண்டுபிடிப்பவர்கள் கொஞ்சம் பேர். கண்டுபிடித்ததைப் பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், நாற்காலியைச் சற்றே பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு, மூன்றாவதாக ஓர் இனம் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அப்பவே சொன்னவர் இனம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் நிச்சயம் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தால், என் அனுதாபங்கள். ஆனால் இந்த இனம் கொழுகொழுவென்று வளர்வது தேசிய ஆய்வுக்கூடங்களில்தான். தினம் ஏதாவது புதிதாக முளைக்கிற இடமல்லவா? தீனிக்குப் பஞ்சமில்லை.

நான் அப்படியொரு ஆய்வுக்கூடத்தில் நூலகராக இருந்தேன். எங்களவர் ஒரு பிரிவுக்குத் தலைவர். முப்பது வருட அனுபவம். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'அப்பவே சார்'. யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து, "சார், அந்தச் சோதனை பலிச்சிடுச்சு!" என்றால் அவர் உடனே பேசிவிட மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வந்தவரின் மகிழ்ச்சி பாதியாக ஆறிய பிறகுதான், "நான் இதை அப்பவே சொன்னேனே" என்பார். எப்போது, யாரிடம் என்று கேட்டால், எல்லாம் நோட்டில் எழுதியிருக்கிறது என்பார். நோட்டு எங்கே? பீரோவில். பீரோச் சாவி? அதைத்தான் எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பலிக்காவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறீர்களா? அதையும் அவர் அப்பவே சொல்லியிருப்பார்!

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை ஆண்டு விழாவில் அவர் மனைவியிடம், "சார் எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடறாராமே?" என்று கேட்டேன். அந்த அம்மாள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க அம்மாவும்தான் அப்பவே சொன்னாங்க, இந்த மாப்பிள்ளை வேணாம்னு. யார் கேட்டா?" என்றார்.

அப்பவே சாரின் பிரிவில் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை மட்டும் கீழே விடுகிற மெல்லிய படலம் ஒன்றைச் செய்ய நான்கு வருடமாகப் போராடிக்கொண்டிருந்தாள். அதனால் 'படலம் மேடம்'. அவளுக்குத் துணை, பம்ப் அண்ணன். அந்த மாடியில் இருந்த பம்புகள், குழாய்கள், திருகுகள் எல்லாம் அவர் பொறுப்பு. வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருக்கிற மனிதர்.

அவள் செய்த படலங்களில் ஒரு சிக்கல். ஒன்று உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதே கலவையில், அதே கையால், அதே நாளில் செய்த அடுத்தது கைவிட்டுவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கள்தோறும் அப்பவே சார் அவள் அறை வாசலில் வந்து நிலைப்படியில் சாய்வார்.

"நான் அப்பவே சொன்னேன்மா, இது வேலைக்காகாது. வேற ஏதாவது பண்ணு."

"சார், பாதி நல்லா வருதே."

"பாதி வருதுன்னா பாதி வரலைன்னுதானே அர்த்தம்?"

 அவர் போனபிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த படலத்துக்குக் கலவை கலக்கத் தொடங்குவாள்.

வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று அறிவிப்பு வந்தது. அவர்கள் முன்னால் படலம் வேலை செய்தால் மேலும் மூன்று வருடத்துக்கு நிதி. செய்யாவிட்டால் அன்றோடு சரி. அவள் பழைய பதிவேடுகளை எல்லாம் மேசையில் பரப்பி, நல்லது எது, கெட்டது எது, காயவைக்கும் அலமாரியில் எந்தத் தட்டில் காய்ந்தது என்று கோடு போட்டுப் பார்த்தாள். நல்லவை அத்தனையும் கீழ்த்தட்டு!

"அண்ணா, கீழ்த்தட்டுல அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லையேம்மா. தூசி விழுதேன்னு ஒரு பழைய துணியைப் போட்டு மூடி வெச்சேன். எடுத்திடவா?"

"ஐயோ, தொடாதீங்க!"

அதுதான் விஷயம். மேல்தட்டில் ஏசியின் குளிர்காற்று நேராக அடித்து, படலம் அவசரமாகக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுந்தன. துணிக்கடியில் ஆற அமரக் காய்ந்ததில் ஓட்டை இல்லை. உறுதி செய்ய அவள் பன்னிரண்டு படலங்களைத் துணி போட்டும், பன்னிரண்டைப் போடாமலும் காய வைத்தாள். துணியின் கீழ் பன்னிரண்டும் தேறின. வெளியே பன்னிரண்டும் தோற்றன. அவள் சிரித்தாள், அழுதாள், பம்ப் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அறிக்கையில் தன் பெயருக்கு அடுத்து அவர் பெயரைப் போட்டாள்.

"நான் துணிதானேம்மா போட்டேன்" என்று அவர் கூச்சத்தில் நெளிந்தார். பாருங்கள், சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறவருக்குச் சொல்லவே தெரிவதில்லை!

குழு வந்தது. கூட்ட அரங்கில் மேசைமேல், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடித் தொட்டிகள். மேலே உப்புத் தண்ணீர், நடுவில் படலம், கீழே வடிகிற தண்ணீர். உப்பின் அளவைக் காட்டும் கருவி பக்கத்தில். குழுத்தலைவியான மூத்த வேதியியல் பேராசிரியை முன்வரிசையில். கூட்டக் குறிப்பு எழுதும் அம்மாள் மூலையில், பேனாவும் கையுமாக.

தண்ணீர் வடிந்தது. எல்லோரும் கருவியைப் பார்த்தார்கள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம். கடலில் என்ன உப்போ அதே உப்பு. படலம் மேடத்தின் முகம் வெளிறியது. 

அப்பவே சார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "நான் இதை அப்பவே சொன்னேன்" என்று தொடங்கி, இந்த வழி ஒருநாளும் சரிப்படாதென்று முதல் வருடமே தான் எச்சரித்ததையும், இளையவர்கள் அனுபவத்தை மதிக்காததையும், துணி போட்டு மூடுவதெல்லாம் ஆராய்ச்சியா என்பதையும் ஆறு நிமிடம் விளக்கி, "குறிப்புல எழுதிக்குங்கம்மா" என்று முடித்தார்.

அந்த ஆறு நிமிடமும் பம்ப் அண்ணன் மேசையைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம்," என்றார் மெல்ல, "கருவியோட முனை மேல்தொட்டியில கிடக்குது."

காலையில் யாரோ படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கருவியை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் அளந்தது ஊற்றிய தண்ணீரை! அவள் முனையை எடுத்து, கழுவி, கீழ்த்தொட்டியில் வைத்தாள். எண் இறங்கியது. இருபது. ஏழு. இரண்டு. அரைக்கும் கீழே. ஆய்வுக்கூட இயக்குநரோ, 'இங்கே எதையும் வாயில் வைக்காதீர்' என்று தானே கையெழுத்துப் போட்டு ஒட்டிய அறிவிப்புக்கு நேர்கீழே நின்று, விரலைத் தொட்டியில் தோய்த்து நாக்கில் வைத்து, "அட!" என்றார்.

கைதட்டல் ஓய்ந்தபோது அப்பவே சார் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆசாமி அசரவில்லை. "ஆறப்போட்டுக் காயவெச்சா வரும்னு நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

மூலையிலிருந்து குறிப்பு எழுதும் அம்மாள், கள்ளம் கபடமில்லாமல் கேட்டாள்: "சார், முதல்ல அப்பவே சொன்னதை அடிச்சிடவா, இல்ல ரெண்டு அப்பவேயும் இருக்கட்டுமா?"

அரங்கம் வெடித்தது. குழுத்தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் இருக்கட்டும்மா" என்றார். இருக்கிறது. அந்தக் குறிப்பை நூலகத்தில் நான்தான் அடுக்கினேன்.

மூன்று வருடம் கிடைத்தது. அன்று மாலை அப்பவே சார் அவள் அறைக்கு வந்தார். நிலைப்படியில் சாயவில்லை; உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள், திட்டினால் திருப்பித் திட்டுவதென்று தயாராக இருந்தாளாம்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச? சத்தியமா எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது! முப்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து முதல்முறை. அவளுக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு கோடாகக் காட்டினாள். அவர் கேட்டார், நடுவில் இரண்டு நல்ல கேள்விகூடக் கேட்டார். பதினோரு நிமிடம், இடையில் ஒரு 'அப்பவே' இல்லாமல். "அவர் நிஜமாவே நல்ல விஞ்ஞானி சார், அதை அவரே மறந்துட்டார்" என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மறுவாரம் மேல்மாடியில் யாரோ புதுவகைக் கண்ணாடி ஒன்றைச் செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பவே சார் நூலகத்தில் இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பல்லைக் கடித்தார். பெருமூச்சு விட்டார். கழுத்து சிவந்தது. கடைசியில், "இல்ல, சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரு சின்னச் சோதனை மட்டும் செய்துபாருங்கள். நாளைக்கு உங்களிடம் யாராவது ஒரு நல்ல சேதி கொண்டுவருவார்கள். அப்போது உங்கள் வாயில் முதலில் வருகிற சொல்லைக் கவனியுங்கள். "அப்படியா!" என்று வந்தால் பிழைத்தீர்கள். "அதான் நான்..." என்று வந்தால், நாக்கைக் கடித்துக்கொள்ள இன்னும் அரை நொடி இருக்கிறது.

என்ன, இந்தச் சோதனை உங்களுக்கு முன்பே தெரியுமா?