மேஜைத் துணி போர்த்திய மாணவி எழுதுவது

மதிப்பிற்குரிய வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழு அம்மையார் அவர்களுக்கும், இதைத் தங்களுக்கு வாசித்துச் சொல்லப்போகும் மொழிபெயர்ப்பாளர் அண்ணாவுக்கும், ஒன்பதாம் வகுப்பு மூன்றாம் பெஞ்ச் மாணவி வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் பயணக் களைப்பு நீங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்றுதான் அடுத்து எழுத வேண்டும். ஆனால் அதைப் போன செவ்வாய்க்கிழமையே தங்களிடம் சொல்லிவிட்டேன். அது பொய்.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பக்கத்து அறையில் குறட்டை விடுபவர் எங்கள் தலைமையாசிரியர். என் பெரியப்பா. குறட்டை நின்றால் கடிதமும் நின்றுவிடும்.

கும்பல் வந்து பள்ளிவாசல் தெருவைக் கொளுத்திய பிறகு எங்கள் வகுப்பு முஸ்லிம் மாணவிகள் பதினோரு பேரும் வருவதில்லை. தாங்கள் வரப்போவது தெரிந்ததும் பெரியப்பா, "காலி பெஞ்சைப் பார்த்தா அந்தம்மா கேள்வி கேப்பாங்க, நிரப்புங்க" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து பத்துப் பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், பாதிப் பேருக்குக் கால் தரையை எட்டவில்லை, அதற்குள் விளையாட்டு ஆசிரியர், "முக்காடு போட்ட பொண்ணு ஒண்ணாவது இருந்தாத்தானே நம்புவாங்க" என்று சொல்ல, முக்காட்டுக்கு எங்கே போவது என்று தேடி, ஆசிரியர் அறை மேஜைத் துணியை உருவி என் தலையில் சுற்றி, ஓட்டப்பந்தய எண் குத்தும் ஊக்கால் கழுத்தருகே குத்தி, "டீக் கறை பின்பக்கம் இருக்கட்டும், திரும்பாதே" என்று அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான என் தோழியின் இடத்தில் உட்கார வைத்தார்கள். அதில் என் இடம் காலியாகி, அதற்கும் ஒரு ஆறாம் வகுப்பு வந்தது. தாங்கள் பேசும்போது நான் தலையைத் திருப்பாததற்குக் காரணம் அடக்கம் அல்ல, ஊக்கு.

பெயர் கேட்டீர்கள், தோழியின் பெயரைச் சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்றீர்கள், ரொட்டிக் கடை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னைக்குக் காலையில கூட சூடா ரொட்டி தந்தாங்க" என்றேன். அந்தக் கடையில் இப்போது அடுப்பு மட்டும்தான் மிச்சம். தாங்கள் சிரித்து, என் தோளைத் தட்டி, எழுதிக்கொண்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடைக்காரர் பள்ளிக்கு வந்தார். வீடிழந்தவர்களுக்கான முகாமில் அவர் குடும்பத்துக்கு மட்டும் இடமில்லையாம். "உம் பொண்ணு ஸ்கூல்ல நல்லா இருக்கான்னு வெளிநாட்டுக்காரங்களே பாத்திருக்காங்க, கடையில சூடா ரொட்டியும் போடுறியாம், உனக்கு எதுக்குய்யா முகாம்" என்று அதிகாரி கேட்டாராம்.

"ரெண்டு மாசமா அவ வரலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

பெரியப்பா வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, ஒரு நாள் லீவு இல்ல. தங்கமான பொண்ணு."

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் நான். உடைந்த பிஸ்கட்டுகளை எனக்கென்று எடுத்து வைப்பவர் அவர். "நல்லா படிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அன்று ஊக்கு இல்லை, தலை நன்றாகவே ஆடியது.

ஆகவே அறிக்கை அச்சாகும் முன் என்னை நீக்கிவிட்டு, அந்தப் பெண் வரவில்லை, வீடும் கடையும் எரிந்துவிட்டன என்று எழுதி, முகாம் அதிகாரிக்கும் சொல்ல வேண்டுகிறேன். கட்டாயப்படுத்தியதால்தான் பொய் சொன்னேன் என்பதையும் குறித்துக்கொள்ளவும். பதில் போட வேண்டாம், எங்கள் வீட்டில் தபாலைப் பிரிப்பவர் பெரியப்பா. தங்கள் குழுவினர் எல்லோரும் நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும்.

தங்களிடம் பொய் சொன்ன,
மூன்றாம் பெஞ்ச் மாணவி

பி.கு.: கட்டாயம் என்று எழுதியதை அடித்துவிடவும். "முக்காடு போட யார் வர்றீங்க?" என்று பெரியப்பா கேட்டபோது வகுப்பே குனிந்துகொண்டது. கை தூக்கியது நான் ஒருத்திதான். பள்ளி நாடகத்தில் மூன்று வருடமாக எனக்கு மரம் வேடம். பேசும் வேடம் இதுதான் முதல் தடவை. எல்லோரும் சொல்லித் தந்ததைத்தான் சொன்னேன், ஒன்றைத் தவிர. அந்தச் சூடான ரொட்டி நானே யோசித்துச் சேர்த்தது.