வலது பக்கத்து இருபத்தொரு ஓட்டைகள்

கோலா சாவா,
வியாழக்கிழமை மதியம்.

மரியாதைக்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு, நல்லசாமி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் தங்கை நீலாவதியும் சுகம். உங்கள் மருமகன் புனிதன் வேலை விஷயமாகப் பத்து நாள் ஜொகூர் போயிருக்கிறான், அவனும் சுகம். இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது ஓர் இரும்பு மட்டும்தான். அதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னதை நீங்கள் குரல்பதிவாகக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். போன தீபாவளிக்கு என் பல்செட் சாம்பாரில் விழுந்த செய்தி, நான் அதை எடுத்துக் கழுவி முடிப்பதற்குள் கிள்ளான் வரை போய்விட்டது. ஆகவே நாளைக் காலை கெமாஸுக்கு லாரி ஓட்டும் மாயாண்டியிடம் இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

புனிதன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒரு கார் கட்டுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். ஹாட் ராட் என்கிறான். பழைய காரின் மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, எலும்பு தெரிய ஓட்டுவது. "இருக்கிற மூடியையும் கழட்டிட்டு ஓட்டுறதுக்கு எதுக்குலா காரு? மாட்டு வண்டி வாங்குனா போச்சு" என்று நீலாவதி முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கார் பிடித்துப்போனது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டு வருடமாக, கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பானர் கேட்டால் கொடுப்பேன். கேட்டது பன்னிரண்டு என்றால் பதினான்கைக் கொடுப்பேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து சரியானதை எடுத்துக்கொள்வான். அந்த ஒன்றும் சொல்லாமையைத்தான் மச்சான் என்னால் தாங்க முடியவில்லை. போன மாதம் வாய்விட்டுக் கேட்டேன், எனக்கும் ஒரு வேலை கொடுடா என்று. அவன் ரொம்ப நேரம் யோசித்து, ஜொகூர் கிளம்புகிற அன்று, சேஸிஸைக் காட்டினான். காரின் முதுகெலும்பு அது. இடதும் வலதுமாக இரண்டு நீண்ட இரும்பு, நடுவில் குறுக்கே நாலு.

"இதுல ஓட்டை போடணும்பா. அழகுக்கு."

"நல்ல இரும்புல எதுக்குடா ஓட்டை? கனம் குறையவா?"

"கொஞ்சம் குறையும். ஆனா அழகுக்குத்தான். கலர் அடிச்சா சூப்பரா இருக்கும். இத உங்க கையில விடுறேன்பா."

கையில விடுறேன் என்றான். நீங்கள் இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும்.

ஒரு தாளில் வரைந்தும் கொடுத்தான். ஒரு பக்க இரும்பு மட்டும். ஒன்றிலிருந்து இருபத்தொன்று வரை நம்பர். முதல் ஏழு இரண்டு அங்குலம், அடுத்த ஏழு ஒன்றரை, கடைசி ஏழு ஓர் அங்குலம். அடியில் 'அந்தப் பக்கமும் இதே' என்று எழுதியிருந்தான். திங்கட்கிழமை நான் டிரில்லைத் தொடவே இல்லை. நூல் பிடித்தேன், சாக்பீஸால் கோடு போட்டேன், நாற்பத்திரண்டு இடத்தில் பஞ்ச் வைத்து அடித்தேன். ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் உள்ள இடைவெளியில் நூல் கனம்கூட வித்தியாசம் கிடையாது. செவ்வாய்க்கிழமை இடது பக்கம் தொடங்கினேன். வட்டமாக வெட்டி எடுக்கும் பிட் சூடாகாமல் இருக்க எண்ணெய் விடச் சொல்லியிருந்தான்; எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை; நான் அடுப்படியிலிருந்து சமையல் எண்ணெயை எடுத்து வந்தேன். மூன்றாவது ஓட்டையில் வாசனை கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு மங்கம்மா கையில் தட்டோடு வந்து நின்று, "என்னண்ணே, வெள்ளனவே வடையா?" என்றார். இரும்பு என்றேன். நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டு, தட்டு வெறுமையாகப் போக வேண்டாம் என்று வெட்டி விழுந்திருந்த இரும்பு வில்லைகளை அள்ளிக்கொண்டு போனார். மிளகாய் காயவைக்கும் துணி காற்றில் பறக்கிறதாம், மேலே பாரம் வைக்க வேண்டுமாம். எட்டாவது ஓட்டையில் டிரில் இரும்பைக் கவ்விக்கொண்டு என்னைச் சுழற்றப் பார்த்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். சாயங்காலம் இடது பக்கம் இருபத்தொன்றும் முடிந்தது. தூரத்தில் நின்று பார்த்தேன். முன்னால் பெரிதாகத் தொடங்கி, பின்னால் போகப் போகச் சிறுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை வலது பக்கம். இங்கேதான் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் நான் ஆட்களைத் திட்டியது பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்துக்காக. ஒரு நிரை மரங்களை வெட்டிக்கொண்டு போனால், அது முடிகிற இடத்திலேயே திரும்பி, அடுத்த நிரையை வெட்டிக்கொண்டு வர வேண்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு மறுபடி தொடக்கத்துக்கு நடந்து வருகிறவனை நான் விட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமை நான் முடித்தது காரின் பின்பக்கத்தில். டிரில் அங்கே இருந்தது, எண்ணெய் அங்கே இருந்தது, நானும் அங்கே இருந்தேன். ஆகவே அங்கேயே திரும்பி, வலது இரும்பில், பின்பக்கத்திலிருந்து நம்பர் ஒன்றைத் தொடங்கி, முன்னால் வந்து இருபத்தொன்றில் முடித்தேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. காப்பி கொண்டுவந்த நீலாவதிதான் முன்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் பெருசா இருக்கு, அந்தப் பக்கம் சிறுசா இருக்கு. அப்படித்தான் கேட்டானா?"

"அப்படித்தான்."

"ஒரு கண்ணு சுருங்குன மாதிரி இருக்கே."

"அதான் ஸ்டைல். உனக்குத் தெரியாது."

அவள் போனதும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே கதை, பக்கம் மட்டும் மாறியிருந்தது.

நான் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. கணக்கிட்டுப் பார்த்தேன். நடு ஏழும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதில் பிழை இல்லை. வலது முன் ஏழு சிறிதாக இருக்கிறது. அவற்றைப் பெரிதாக்க என்னால் முடியும். மிச்சம் வலது பின் ஏழு. போட்ட ஓட்டையைச் சிறிதாக்கத்தான் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ரயில்வே பட்டறையில் நீங்கள் வெல்டிங் பிடித்த கை. ஏழே ஏழு ஓட்டை, மச்சான். அடைத்து, தேய்த்து, மறுபடி ஓர் அங்குலம் போட்டுவிட்டால், யாருக்கும் தெரியாது. நேற்று விழுந்த வில்லைகளும் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டன. திரும்பக் கேட்டேன். மிளகாய் காயட்டும் என்கிறார் மங்கம்மா. நீங்கள் புதிதாக வெட்டிக்கொண்டு வரவும். புனிதன் ஞாயிறு வருகிறான். நீங்கள் சனிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். தங்கையைப் பார்க்க வந்ததாகச் சொல்லவும். தங்கையைப் பார்க்க யாரும் வெல்டிங் மெஷினோடு வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதை ஒரு சாக்கில் சுற்றி, அரிசி என்று சொல்லவும்.

மகனிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்ல மாட்டேன். திட்டினால் சொல்லிவிடுவேன். அவன் திட்ட மாட்டான். ஒன்றும் சொல்லாமல் டிரில்லை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வான். அதோடு அந்தக் கொட்டகைக்குள் எனக்கு வேலை முடிந்தது. அதற்கு இடம் கொடுப்பதாக இல்லை. நீங்கள் வராவிட்டால் வெல்டிங்கையும் நானே கற்றுக்கொண்டு செய்வேன். இதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் வீட்டுக்காரம்மா, என் தங்கச்சி தனலெட்சுமிக்கு என் அன்பு. அவர் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன். உங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல், மாரியம்மன் துணையோடு, வாயை மூடிக்கொண்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அன்பு மறவாத
நல்லசாமி

பி.கு.: வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. மாயாண்டி லாரி இன்ஜினை நிறுத்தாமல் வாசலில் காத்திருக்கிறார். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். நேற்றுச் சாயங்காலமே புனிதன் வந்துவிட்டான். முதல் ஓட்டையிலிருந்து ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து உங்கள் தங்கை அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். வந்தவன் முன்னால் நின்று பார்த்தான், பின்னால் நின்று பார்த்தான், குனிந்து இடைவெளியை டேப் வைத்து அளந்தான். நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏழு ஓட்டை, நீங்கள், சாக்கு, அரிசி எல்லாம். அவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இந்த சேஸிஸ் முதல்ல கட்டுனதுப்பா. அரை அங்குலம் கோணல், காருக்கு ஆவாது. ட்ரையல்னு சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னுதான் சொல்லல. நல்ல சேஸிஸ் தம்பின் டவுன்ல கூட்டாளி பட்டறையில இருக்கு. இவ்ளோ நேரா எனக்குப் போட வராதுப்பா, நீங்கதான் போடணும். நாளைக்கு எடுத்துட்டு வரேன். இடது பக்கம் நீங்க போடுங்க. வலது பக்கம் நான் பாத்துக்கிறேன்."

ஆகவே மெஷின் வேண்டாம். அடுத்த மாதம் கார் முடிந்ததும் குடும்பத்தோடு வரவும். வந்தால் இடது பக்கமாக நின்று பார்க்கவும்.