பறிசு விழுங்கியுள்ளது

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தையாவது செய்து முடிப்பது என்று ஒற்றர் தீர்மானித்தது ஒரு புதன்கிழமை காலையில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் இப்படி ஒரு தீர்மானத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் அது அவளுக்கு முதலில் தெரிந்திருக்கும்.

ஒற்றர் என்றதும் யாரோ வேவு பார்க்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இங்கே க் வேண்டும், அங்கே ச் கூடாது என்று ஒற்றெழுத்துக்காக எல்லோரிடமும் மல்லுக்கு நிற்பதால் அங்கே வைத்த பெயர் அது. வேவு பார்க்கிற இலாகா வீட்டில் மனைவியிடம் இருந்தது. அவள் தையல்காரி. வாசலில் வந்து நிற்கிறவரை ஒரே பார்வையில் அளவெடுத்துவிடுவாள். டேப்பை எடுத்து நீட்டுவதெல்லாம் வந்தவர்களின் மனத்திருப்திக்காக.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒற்றரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"வாழ்த்துக்கள். உங்கள் எண்ணுக்கு முதல் பறிசு விழுங்கியுள்ளது. இப்படிக்கு, பறிசு சீட்டு நிர்வாணம்."

வேறு யாராக இருந்தாலும் அழித்துவிட்டு ஜோலியைப் பார்த்திருப்பார்கள். ஒற்றரால் அழிக்க முடியவில்லை. பரிசை நினைத்து அல்ல, எழுத்தைப் பார்த்து. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே திருத்தங்களைத் தட்டி அனுப்பினார். பறிசு தவறு, பரிசு சரி. பரிசு விழுங்காது, விழும். நிர்வாணம் வேறு, நிர்வாகம் வேறு, நடுவே நாலு முழம் துணி இருக்கிறது. வாழ்த்துக்கள் என்று க் போட்டால் கள்ளை ஊற்றிக்கொண்டு வாழ்த்தியதாகிவிடும், வாழ்த்துகள் போதும். பரிசுச் சீட்டில் ஒரு ச் காணாமல் போயிருக்கிறது, தேடிப் போடவும்.

புதன்கிழமை காலை பதில் வந்தது. "மிக்க நன்றி ஐயா. தங்கள் திருத்தங்களை ஏற்றுக்கொண்டோம். திருத்திய கடிதம் கீழே."

கீழே இருந்த கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. வாழ்த்துகள் க் இல்லாமல் லட்சணமாக உட்கார்ந்திருந்தது. ஒற்றர் அதை மூன்று முறை படித்தார். இருபத்தாறு வருஷ வேலையில் அவருக்கு நன்றி சொன்ன ஆள் கிடையாது. எழுதினவர் முறைப்பார், அச்சடிக்கிறவர் பல்லைக் கடிப்பார், முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருத்தராவது ஒரு நாளாவது சொல்ல மாட்டாரா என்று அவர் ஏங்கிய அந்த ஒரு சொல்லை, முன்பின் தெரியாத யாரோ சொல்லிவிட்டார்கள். ஒற்றர் உருகிப்போனார். சொன்னால் திருத்திக்கொள்கிற இடம் எப்படி மோசமான இடமாக இருக்கும்?

கடிதத்தின் பின்பாதியில், வெள்ளிக்கிழமைக்குள் கோப்புச் செலவுக்கு ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்றும், அதுவரை குடும்பத்தினர் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் இருந்தது. அதையும் ஒற்றர் படித்தார். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது.

அவருக்குப் பரிசு எதற்கு என்று கேட்பீர்கள். கடலுக்கு.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் கடலைப் பார்த்ததே இல்லைங்க, ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க." அந்த வாரமே கிளம்புவதாக இருந்தது. அச்சகத்தில் அவசரமாக ஒரு பாடப்புத்தகம் வந்தது. "நான் இல்லேன்னா அச்சகமே நின்னுடும், அடுத்த மாசம் போகலாம்" என்றார். அடுத்த மாசம் வேறு புத்தகம். அவள் பழைய காலண்டரிலிருந்து கடல் படத்தைக் கத்தரித்துத் தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டிக்கொண்டாள். முதல் நாலைந்து வருஷம் ஞாபகப்படுத்தினாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். படம் மட்டும் இருந்தது. நீலம் வெளுத்து வெளுத்து, இப்போது அலை எது, சுவர் எது என்று தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒற்றருக்கு எரிச்சல் வந்தது. கேட்காமல் போனதிலிருந்து நெஞ்சு வலித்தது.

வெளியாட்களின் ஆய்வேடுகளைத் திருத்திக் கொடுத்ததில் அவரிடம் கொஞ்சம் பணம் இருந்தது. வெள்ளிக்கிழமை அதை அனுப்பும்வரை பரணில் வைக்கலாமா, சட்டைப் பெட்டியில் வைக்கலாமா என்று யோசித்து, கடைசியில் அலமாரியிலிருந்த தடித்த அகராதிக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், மெதுவாக நூல் விட்டுப் பார்த்தார்.

"உனக்குத் திடீர்னு ஒரு இடத்துக்குப் போகலாம்னு தோணினா, எங்க போவே?"

"பட்டன் கடைக்கு."

"அது இல்ல. தூரமா."

"மொத்த விலை பட்டன் கடைக்கு."

அவள் படத்தைப் பார்ப்பாளா என்று ஒற்றர் காத்திருந்தார். அவள் ஊசியைத்தான் பார்த்தாள். இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் மெஷினில் மும்முரமாக இருந்தாள். ஒற்றர் பூனை நடை நடந்து அகராதியைப் பிரித்தார். பணம் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது.

மெஷின் சத்தம் நின்றது.

"என்னங்க, எந்தச் சொல்லுக்கு அர்த்தம் பார்க்கிறீங்க?"

"சும்மா, ஒரு சந்தேகம்."

"எனக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. அகராதியே நான்தான்னு சொல்ற மனுஷன், புதன்கிழமை ஒரே நாள்ல ரெண்டு தடவை அதைப் புரட்டினா எப்படிங்க?"

"நீ என் கைபேசியையும் பார்த்தியா?"

"கல்யாண நாள் மறக்கக் கூடாதுன்னு அதையே பூட்டுக்கு நம்பரா வெச்சது யாரு?"

ஒற்றர் வேறு வழியில்லாமல் நிமிர்ந்து நின்றார். "பார்த்தே இல்ல? எவ்வளவு சுத்தமான கடிதம். ஒரு பிழை காட்டு பார்ப்போம்."

"நீங்க திருத்திக் கொடுத்த கடிதத்துல பிழை எப்படிங்க இருக்கும்?"

அவள் எழுந்து ஆணியில் தொங்கிய காகிதக் கட்டை எடுத்தாள். அச்சகத்தில் வீணாகும் தாள்களை ஒற்றர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றில்தான் அவள் சட்டைகளுக்கு அளவு வெட்டி வைத்துக்கொள்வாள். சிவப்பு மைத் திருத்தத்தோடு ஒரு காலரை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"போன மாசம் ஒரு பாங்குக்காரங்க அடிச்சாங்களே, ஏமாறாதீர்கள்னு ஒரு நோட்டீஸ். இது யாரு திருத்தினது?"

"நான்தான்."

"படிங்க."

"'வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது.' பரிசுக்கு முன்னால ஒரு ப் விட்டுட்டாங்க, நான்தான் போட்டேன்."

"ப்பை விடுங்க. நீங்க சீட்டு வாங்கினீங்களா?"

"இல்ல."

அவள் காலரை வைத்துவிட்டு ஒரு முழுக்கையை எடுத்தாள். "இதுல என்ன போட்டிருக்கு? பரிசு கொடுக்கிறவன் உங்ககிட்ட முன்பணம் கேட்க மாட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னா, நாலு பேருகிட்ட சொல்லு. கெடு வெச்சு அவசரப்படுத்தினா, நிதானமா உட்காரு. இவ்வளவும் உங்க கையெழுத்துப் போட்டு அச்சுக்குப் போயிருக்கு."

"எழுத்துப்பிழை மலிந்திருக்கும்னு ஒண்ணு இருந்துச்சே," என்றார் ஒற்றர் ஈனசுரத்தில். "நான் அதை வெச்சுத்தான்..."

"அந்த வரி பாக்கெட்டுக்கு வெட்டினதுல போயிடுச்சு. முதல்ல அவன் பறிசுன்னு எழுதினானே, அது பிழை இல்லைங்க. பறிக்கிறவன் வேற எப்படி எழுதுவான்? விழுங்கியுள்ளதுன்னும் சொல்லியிருந்தான். பாவம், உண்மையைத்தான் எழுதினான். நீங்கதான் உட்கார்ந்து அதைப் பொய்யாத் திருத்தினீங்க."

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தவர், எழுத்துக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவே இல்லை. நன்றி சொன்ன அந்த முகம் தெரியாத ஆள்மேல் கோபம்கூட வரவில்லை. அந்த நன்றி நிஜமாக இல்லாமல் போயிற்றே என்பதுதான் வலித்தது.

"உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுதான்," என்றார்.

"தெரியும்." அவள் குரல் இறங்கியது. "பணம்னு புரட்டிப் பார்த்தேன், இல்ல. ரகசியம்னு பார்த்தேன், இல்ல. கடல்ங்கிற பக்கத்துல இருந்துச்சு. அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன். முதல்ல கையில இருக்கிற காகிதத்தைப் படிங்க."

துண்டுக் காகிதத்தில் அவள் கையெழுத்து இருந்தது. "வாழ்த்துக்கள். உங்கள் எண்ணுக்குக் கடல் விழுந்துள்ளது. நாளைக் காலை ஆறு மணி பஸ். இரண்டு சீட்டு, வாங்கியாயிற்று. யாரிடமும் சொல்ல வேண்டாம். இப்படிக்கு, வீட்டு நிர்வாகம்."

ஒற்றரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. வாழ்த்துக்களில் க் நின்றிருந்தது. வேண்டுமென்றே போட்டிருக்கிறாள். பேனா மூடியைத் திறந்தார், அவளைப் பார்த்தார், திரும்ப மூடிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழையை அப்படியே விட்டார். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

உடனே வேறொன்று ஞாபகம் வந்தது.

"ஐயோ, நாளைக்குப் பாடப்புத்தகம் கடைசிப் பாரம் அச்சுக்குப் போகுதே. நான் இல்லேன்னா அச்சகமே நின்னுடும்."

"நேத்தே உங்க முதலாளியைப் பார்த்துக் கேட்டுட்டேன்."

"லீவா? ஆடிப்போயிருப்பாரே. என்ன சொன்னார்?"

அவள் மெஷினில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"'ஒற்றர் இல்லேன்னா ரெண்டு நாள் வேலை அரை நாள்ல முடிஞ்சிடும்மா, இதை நீங்க இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கலாமே'ன்னார்."